நாம் மதிப்பறியாத ராஜ்யம்

நமக்கு வேண்டிய குடும்பமொன்றில் மூத்த பிள்ளைக்குப் புவனேசுவரத்தில் உத்தியோகம் கிடைத்தது. பிள்ளை கம்ப்யூட்டர்த் தொழில் கற்றவன், சம்பளமும் குறைவன்று. ஆயினும் அச்செய்தி வந்த தினத்தில் அவ்வீட்டிலிருந்த துக்கத்தைக் கண்டவர் எவரும், பிள்ளையாண்டானை அந்தமான் தீவுக்கு அனுப்பும்படி தீர்ப்பாகிவிட்டதோ என்று ஐயுற்றிருப்பர். தாயார் கண்ணீர் விட்டார். தகப்பனார், 'பெங்களூருக்கு மாற்றிக்கொள்ள ஏதேனும் வழியுண்டா?' என்று நம்மிடம் யோசனை கேட்டார். பாட்டியார் ஒருவர் மாத்திரம், 'ஜகந்நாதர் இருக்கிற இடந்தானே, போய்வரட்டும்' என்றார். பையன் போனான். ஆறு மாதம் கழித்து விடுமுறைக்கு வந்தபோது அவனை விசாரித்தோம். சென்னையில் மூவரோடு பங்கிட்டுக்கொண்ட அறையை விட்டு, அங்கே தனியாக ஒரு வீட்டில் குடியிருக்கிறானாம். வாடகை கொடுப்பதில் சிரமமில்லையாம். காரியாலயத்துக்குப் போக இருபது நிமிஷமே ஆகிறதாம். மாதக் கடைசியில் கையிலே பணம் மிஞ்சுகிறதாம். 'திரும்பி வரும் உத்தேசமுண்டா?' என்றோம். 'அவசரம் ஒன்றுமில்லை, மாமா' என்று நகைத்தான்.

இதை நாம் ஒரு குடும்பக் கதையாகச் சொல்ல வரவில்லை. தமிழ்நாட்டில் படித்தவர் மனத்தில் பாரத தேசத்தின் பூகோளம் எவ்வளவு சுருங்கிக் கிடக்கிறது என்பதற்கு ஒரு சாட்சியமாகவே சொல்லுகிறோம். ஜீவனத்துக்கென்றால் சென்னை, பெங்களூர், ஹைதராபாத். அவற்றிற்கப்பால் உடனே லண்டனும் நியூயார்க்கும். இடையிலே கிடக்கும் ராஜ்யங்களெல்லாம் ரெயில் ஜன்னலில் கடந்துபோகும் வயல்வெளிகளேயன்றி, மனிதர் குடியிருந்து வாழத்தக்க இடங்களாக நமக்குத் தோன்றுவதில்லை. கல்கத்தாவுக்குக் காலையில் வண்டியேறும் தமிழன் அன்றிரவு எந்த நாட்டைத் தூங்கிக்கொண்டே கடந்துவிடுகிறானோ, அதுவே ஒடிசா. அந்த ராஜ்யத்தில் வாழ்வது எத்தகையது, அங்கே வாழ்வு மலிவாயிருப்பதன் காரணம் யாது, அது பற்றித் தமிழராகிய நமது கடமை என்ன என்ற மூன்று விஷயங்களையும் இன்று சற்று விரிவாக ஆராய விரும்புகிறோம்.

முதலாவது, ஒடிசா நமக்கு அந்நிய தேசமன்று. கஞ்சம் ஜில்லாவும் கோராபுட் பிரதேசமும் 1936ஆம் வருஷம் ஏப்ரல் 1ஆம் தேதி வரையில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தன. பெர்ஹாம்பூர்க் கட்சிக்காரர்களின் அப்பீல்கள் நமது சென்னை ஹைகோர்ட்டுக்கே வந்தன. 1937இல் ராஜாஜியின் மந்திரிசபையில் தொழிலாளர் இலாகாவை வகித்து, பிற்காலத்தில் குடியரசுத் தலைவராகவும் விளங்கிய ஸ்ரீ வி. வி. கிரி பிறந்த ஊர் அந்தப் பெர்ஹாம்பூரே. 1930ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் வேதாரணியக் கடற்கரையில் நம்மவர் உப்பெடுத்தார்கள். அதே மாதத்தில் பாலசோர் ஜில்லாவில் இஞ்சுடி என்னும் கிராமத்தார் உப்புக் காய்ச்சிச் சிறை புகுந்தார்கள். தாது வருஷப் பஞ்சத்தை நாம் மறக்கவில்லை. அதற்குப் பத்து வருஷம் முன்னதாக, 1866இல், ஒடிசாவின் ஜனத்தொகையில் மூன்றிலொரு பங்கு, சுமார் பத்து லட்சம் பேர், பசியால் மாண்டார்கள் என்பதை மட்டும் நாம் அறியோம். ஒரே எஜமானனுக்குக் கீழ் ஒரே பசியைப் பட்டினியிருந்து அனுபவித்தவர்களுக்குள் இவ்வளவு அறியாமை தகுமா?

மொழி விஷயத்திலோ, அவர்கள் நமக்கு வழிகாட்டிகள் என்றே சொல்லவேண்டும். பாரத தேசத்தில் மொழியை ஆதாரமாகக்கொண்டு முதன்முதலில் அமைந்த மாகாணம் ஒடிசாவே. அதற்காக மதுசூதன தாஸ் முதலிய பெரியோர் பல்லாண்டு உழைத்தார்கள். ஆந்திரர் 1953 வரையிலும், தமிழராகிய நாம் 1956 வரையிலும் காத்திருந்து பெற்ற பேற்றை அவர்கள் 1936லேயே பெற்றுவிட்டார்கள். 2004இல் தமிழுக்குக் கிடைத்த செம்மொழிப் பதவி 2014இல் ஒடியாவுக்கும் கிடைத்தது. தாய்மொழியின் பேரால் தோள் தட்டும் நமது தொண்டர்கள், தங்களுக்கு முன்னே இப்பாதையில் நடந்து சென்றவர்கள் யார் என்று ஒரு முறையேனும் திரும்பிப் பார்த்ததுண்டா?

இனி, வாழ்வைப் பற்றிய விஷயத்துக்கு வருவோம். ஒடிசாவின் விஸ்தீரணம் 1,55,707 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டைவிடப் பெரியது. ஜனத்தொகையோ 2011ஆம் வருஷத்து ஜனகணிதப்படி 4.2 கோடி, நாம் 7.2 கோடி. சதுர கிலோமீட்டர் ஒன்றுக்கு நம்மில் 555 பேர் நெருக்கியடித்துக்கொண்டிருக்கையில், அங்கே 270 பேரே இருந்தார்கள். மூச்சுவிட இடமுண்டு என்பதற்கு இதைவிடச் சுருக்கமான அத்தாட்சி வேண்டியதில்லை. தலைநகரான புவனேசுவரத்தின் பழைய பாகத்தில் லிங்கராஜர் ஆலயமும் பிந்துசாகரக் குளமும் சுமார் ஆயிரம் வருஷமாக இருக்கின்றன. புது நகரத்துக்கு 1948ஆம் வருஷம் ஏப்ரல் 13ஆம் தேதி பண்டித நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர் என்னும் ஜெர்மானியச் சிற்பி வகுத்த திட்டப்படி தெருக்களும் பேட்டைகளும் அமைந்தன. திட்டமிட்டுக் கட்டிய நகரில் குடியிருப்பதன் சௌகரியத்தை, திட்டமின்றி ஏரிகளின்மேல் வீடு கட்டிக்கொண்ட நாம் எளிதில் ஊகிக்கலாம்.

கல்விக்கும் வைத்தியத்துக்கும் அங்கே என்ன உண்டு என்று கேட்போருமுண்டு. விஞ்ஞான ஆராய்ச்சிக்கென்று 2007இல் ஏற்பட்ட தேசிய ஸ்தாபனமும், 2008இல் ஏற்பட்ட ஐ.ஐ.டி.யும், 2012 முதல் நடந்துவரும் எய்ம்ஸ் வைத்தியசாலையும் புவனேசுவரத்தில் இருக்கின்றன. பக்கத்திலுள்ள கட்டாக் நகரில் 1944ஆம் வருஷம் தொடங்கிய வைத்தியக் கலாசாலையும், 1948இல் ஏற்பட்ட ஹைகோர்ட்டும் உள. கடற்கரை வேண்டுவோர்க்குப் புரி சுமார் அறுபது கிலோமீட்டர். நீர்ப்பறவைகளைக் காண விரும்புவோர்க்குச் சிலிகை ஏரி அதற்கருகில். அவ்வேரியின் கதையே ஒரு பாடம். மண்ணடைந்து, உவர் குறைந்து, மீன் அற்று அழிந்துகொண்டிருந்த ஏரிக்கு 2000ஆம் வருஷத்தில் கடலோடு புதிய முகத்துவாரம் வெட்டினார்கள். இரண்டு வருஷத்திற்குள், அழியும் அபாயத்திலுள்ள நீர்நிலைகளின் சர்வதேச ஜாபிதாவிலிருந்து சிலிகையின் பெயர் நீக்கப்பட்டது. எண்ணூரையும் பள்ளிக்கரணையையும் பார்த்துக்கொண்டு வாழும் சென்னைவாசிகளுக்கு இதைச் சொல்ல நமக்கே கூச்சமாயிருக்கிறது.

சாப்பாட்டைப் பற்றி நம் பையனிடம் கேட்டோம். கோடையில் அங்கே 'பகாள' என்று நீரூற்றிய சோற்றைத் தயிரும் வறுத்த காயும் சேர்த்துச் சாப்பிடுகிறார்களாம். தமிழன் வெட்கப்பட்டு ஒளித்துவைத்திருக்கும் பழையதை, ஒடியர் விருந்தினருக்கும் பெருமையோடு பரிமாறுகிறார்கள். புரி ஆலயத்து ஆனந்த பஜாரில் மகாபிரசாதத்தை ஜாதி வித்தியாசம் பாராட்டாமல் ஒரே இலையில் உண்பது அந்நாட்டாரின் தொன்றுதொட்ட வழக்கம். இது கொண்டு அங்கே ஜாதிக் கொடுமை இல்லையென்று நாம் சாதிக்க வரவில்லை. அது எங்கும் போல் அங்கும் உண்டு. ஆயினும் ஓர் இடத்திலாவது அதை மறந்து உண்ணும் பழக்கமிருப்பது நல்ல அறிகுறியே.

ஆனால், 'அங்கே வாழ்வு மலிவு' என்று சொல்லிவிட்டுச் சும்மாவிருப்பது நியாயவாதிக்கு அழகன்று. மலிவு என்னும் ஒரே சொல்லுக்குள் இரண்டு பொருள்கள் ஒளிந்திருக்கின்றன. சர்க்காரும் ஜனங்களும் கூடி அரிசி, நீர், வீடு, வைத்தியம் ஆகியவற்றை எளியவனுக்கும் எட்டும்படி செய்வதனால் உண்டாகும் மலிவு ஒன்று. உழைப்பவனுக்குக் கூலி குறைவாயிருப்பதால் மற்றவர்களுக்கு எல்லாம் மலிவாய்த் தோன்றுவது மற்றொன்று. முன்னது ஒரு ராஜ்யத்தின் கீர்த்தி. பின்னது அதன் காயம். ஒடிசாவில் இரண்டும் உண்டு. இரண்டையும் பிரித்தறியாமல் புகழ்வதும் தவறு, இகழ்வதும் தவறு என்பது நமது துணிபு.

முதல் வகையை எடுத்துக்கொள்வோம். ஏழைக் குடும்பங்களுக்கு 2008இல் கிலோ இரண்டு ரூபாய்க்கும், 2013இல் ஒரு ரூபாய்க்கும் அரிசி வழங்கலாயிற்று. நமது ராஜ்யத்திலும் இவ்வித ஏற்பாடு உண்டாதலால் அதன் அருமை நமக்குத் தெரியும். 2017ஆம் வருஷத்தில், நகரங்களில் குடிசைப் பகுதிகளில் வசிப்போருக்கு அவர்கள் குடியிருக்கும் நிலத்தின்மீது உரிமை கொடுக்கும் சட்டம் ஒன்றை இயற்றினார்கள். குடிசைவாசியை விடியற்காலையில் லாரியிலேற்றி நகரத்துக்கு வெளியே தள்ளுவதையே சீர்திருத்தமென்று கருதும் இக்காலத்தில், அவனை அவன் இருக்குமிடத்திலேயே உரிமையாளனாக்கும் சட்டம் சாமானியமானதன்று. அந்த வேலைக்கு 2019இல் உலக வாழ்விடப் பரிசு கிடைத்தது. 2021இல் புரி நகரத்தில் குழாயைத் திறந்து அப்படியே குடிக்கத்தக்க நீரை இருபத்துநான்கு மணி நேரமும் வழங்கும் ஏற்பாடு ஆரம்பமாயிற்று. கேன் தண்ணீருக்கு மாதாமாதம் கப்பம் கட்டும் சென்னைக் குடும்பஸ்தன் இதன் விலையைத் தானே கணக்கிட்டுக்கொள்ளட்டும். இவற்றை எந்தக் கட்சி செய்தது, எந்தக் கட்சி தடுத்தது என்ற வழக்கை நாம் இங்கே எடுக்கவில்லை. செய்யக்கூடியது, செய்யப்பட்டது என்பதே நமது வாதத்துக்குப் போதும்.

'புயலடிக்கும் தேசமாயிற்றே!' என்று ஆட்சேபிப்பார் உண்டு. உண்மை. 1999ஆம் வருஷம் அக்டோபர் 29ஆம் தேதி அடித்த பெரும்புயலில் சுமார் பதினாயிரம் பேர் மாண்டார்கள். ஆனால் அந்தச் சவங்களை அடக்கம் செய்துவிட்டு விதியை நொந்துகொண்டு அவர்கள் உட்கார்ந்துவிடவில்லை. ஆபத்துக் காலத்து வேலைகளுக்கென்று அவ்வருஷத்திலேயே தனி ஸ்தாபனம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். கடற்கரையோரமெங்கும் உறுதியான புகலிடங்களைக் கட்டினார்கள். கிராமந்தோறும் வாலிபர்களைப் பழக்கினார்கள். 2013இல் பைலின் புயல் கஞ்சம் கரையில் ஏறியபோது, அதற்கு முன்னரே சுமார் பத்து லட்சம் பேர் பத்திரமான இடங்களுக்குக் கொண்டுபோகப்பட்டிருந்தார்கள். 2019இல் பானிப் புயல் புரியைத் தாக்குமுன் பன்னிரண்டு லட்சம் பேர் அவ்வாறு அகற்றப்பட்டார்கள். பதினாயிரக் கணக்கில் போன உயிர்ச்சேதம் இவ்விரு புயல்களிலும் நூற்றுக்குள் அடங்கிவிட்டது. செல்வத்தில் நம்மைவிடக் குறைந்த ராஜ்யம் இதைச் சாதித்திருக்கிறது. 2015ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில், செல்வத்தில் மிகுந்த நமது சென்னை நகரம் வெள்ளத்தில் மிதந்த கோலத்தை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பத்திரமாய் வாழ எந்த ஊர் ஏற்றது என்று அவரவரே தீர்ப்புச் சொல்லிக்கொள்ளலாம்.

இனி இரண்டாவது வகை மலிவைப் பற்றிக் கூறுவோம். அதைக் கூறாவிடில் நமது எழுத்து விளம்பரமாகிவிடும். 2022-23இல் மத்திய சர்க்கார் எடுத்த குடும்பச் செலவுக் கணக்கின்படி, தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆள் ஒன்றுக்கு மாதச் செலவு சராசரி 5,310 ரூபாய். ஒடிசாவின் கிராமங்களில் 2,950 ரூபாய். நகரங்களில் நமக்கு 7,630, அவர்களுக்கு 5,187. நாம் செலவிடுவதில் பாதிக்குச் சற்றே மேற்பட்ட தொகையைக் கொண்டு அந்தக் கிராமவாசி மாதத்தைத் தள்ளுகிறான். அங்கே அரிசியும் காய்கறியும் நமது விலையில் பாதிக்கா விற்கின்றன? இல்லை. அவன் குறைத்து உண்கிறான், குறைத்து உடுக்கிறான், நோய் வந்தால் குறைத்து மருந்துண்கிறான். நகரத்தில் உத்தியோகம் பார்க்கும் நம் பையனுக்குக் கிடைக்கும் மலிவில் ஒரு பங்கு, அவன் வீட்டைக் கட்டிய கொத்தனும் அவனுக்குச் சமைக்கும் அம்மாளும் குறைந்த கூலி வாங்குவதால் வந்தது. இதை அவனிடம் சொன்னோம். சற்று நேரம் பேசாதிருந்து, 'நான் அப்படி நினைக்கவில்லை' என்றான். நினைக்கவேண்டும் என்பதே நம் கோரிக்கை.

அந்நாட்டின் வேறு குறைகளையும் நாம் மறைக்கப் போவதில்லை. காலாஹாண்டி என்ற பெயரே 1980களில் பட்டினிக்கு மறுபெயராயிருந்தது. இந்திராவதி நதியின் பாசனம் வந்தபின் அதே ஜில்லா நெல் விளைவில் முன்வரிசைக்கு வந்திருக்கிறது; ஆயினும் பட்டினியின் வடு முற்றும் ஆறிவிடவில்லை. மலைகளுக்குள்ளே இரும்பும் பாக்ஸைட்டும் புதைந்துகிடப்பதால், மலைமேல் வாழும் ஆதிவாசிகளுக்குச் செல்வம் சேர்வதற்குப் பதிலாகத் தொல்லையே சேர்ந்தது. ஆனால் 2013இல் நியமகிரி மலையிலுள்ள பன்னிரண்டு கிராம சபைகள் கூடி, தங்கள் மலையைச் சுரங்கத்துக்குக் கொடுப்பதில்லை என்று ஒருமனதாய்த் தீர்மானித்தன. கோடிக்கணக்கான மூலதனம் அந்தத் தீர்மானத்தின் முன்னே நின்றுபோயிற்று. 1999இல் ஒரு கிறிஸ்தவப் பாதிரியையும் அவருடைய இரண்டு சிறு புதல்வர்களையும் உயிரோடு கொளுத்திய பாதகமும், 2008இல் கந்தமால் ஜில்லாவில் நடந்த கலகமும் அந்நாட்டின் மேல் படிந்த களங்கங்கள். எந்த ராஜ்யத்தையும் சுவர்க்கமென்று வருணிப்பது அதற்குச் செய்யும் மரியாதையாகாது. அதன் குணத்தையும் குற்றத்தையும் ஒருங்கே அறிவதே மரியாதை.

'அவ்வளவு நல்ல நாடானால் அதன் பிள்ளைகள் ஏன் நம் ஊருக்குக் கூலிக்கு வருகிறார்கள்?' என்னும் கேள்வி இந்நேரம் பலர் நாவில் இருக்கும். விடை மேலே சொன்னதில் அடங்கியிருக்கிறது. குடியிருக்க நல்ல நாடு. கூலி போதாத நாடு. கஞ்சம் ஜில்லா வாலிபர்கள் சூரத்து நகரத்து விசைத்தறிகளுக்குப் போவது பல்லாண்டு வழக்கம். நம்மிடத்தும் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகள், கோயம்புத்தூர் நூற்பாலைகள், சென்னைக் கட்டிட வேலைகள், செங்கற்சூளைகள் என்று எங்கும் அவர்களுடைய கைகள் உழைக்கின்றன. தேவையும் சந்தையும் இருக்குமிடத்துக்கு உழைப்பாளி போவது உலக இயல்பு. தஞ்சாவூரானும் ராமநாதபுரத்தானும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாய்நாட்டு ரப்பர்த் தோட்டங்களுக்கும் கப்பலேறியபோது, தாங்கள் கெட்ட நாட்டில் பிறந்தவர்கள் என்று ஒப்புக்கொண்டா போனார்கள்?

நேயர்களில் வழக்கறிஞர்கள் அநேகராதலால் ஒரு சட்ட விஷயத்தை இங்கே நினைவூட்டுகிறோம். தரகர்கள் முன்பணம் கொடுத்து ஏழைகளை அயல் ராஜ்யங்களுக்கு ஓட்டிச்செல்லும் முறைக்கு ஒடிசாவில் 'தாதன்' என்று பெயர். அதைக் கட்டுப்படுத்த அந்த ராஜ்யம் 1975இல் ஒரு சட்டம் இயற்றிற்று. அந்த அனுபவத்தின்மேலேயே 1979இல் பார்லிமெண்டு, ராஜ்யம் விட்டு ராஜ்யம் செல்லும் தொழிலாளருக்கான சட்டத்தை நிறைவேற்றிற்று. ஒரே வேலைக்கு உள்ளூரானுக்கு உண்டான கூலியே வெளியூரானுக்கும் உண்டு. போகவரப் பிரயாணச் செலவு உண்டு. இருப்பிடமும் வைத்தியமும் உண்டு என்பன அதன் சாரம். அதை 2020ஆம் வருஷத்துத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு தன்னுள் அடக்கிக்கொண்டது. பாரத தேசத்திலுள்ள ஒவ்வொரு வெளியூர்த் தொழிலாளிக்கும், அயலூரில் உழைக்கும் தமிழனுக்கும் கூட, சட்டத்தில் ஒரு பாதுகாப்பு உண்டென்றால் அது ஒடிசா ஏழைகளின் கண்ணீரிலிருந்து பிறந்தது. அந்தச் சட்டம் நமது ஊர்களில் எப்படி அனுஷ்டிக்கப்படுகிறது? திருவள்ளூர் ஜில்லாச் செங்கற்சூளைகளிலிருந்து ஒடிசாக் குடும்பங்கள் கொத்தடிமைத்தனத்தினின்று விடுவிக்கப்பட்ட செய்தி ஒரு முறையன்று, பலமுறை வந்திருக்கிறது. நமது வீட்டுச் சுவரிலுள்ள செங்கல்லில் எத்தனை கல் அவ்விதம் அறுத்தது என்று யாரால் சொல்லமுடியும்?

இவர்களை நாம் அழைக்கும் பெயரையும் கவனியுங்கள். 'வடக்கன்' என்கிறோம். அவன் வடக்கனுமல்லன், நம்மைப்போலவே வங்காளக் குடாக்கடலின் கரையில் பிறந்தவன், அவன் தாய்மொழியும் ஹிந்தியன்று. ஹிந்தி ஆதிக்கத்தின் மேல் நமக்குள்ள கோபத்தை, ஹிந்தியைத் தாமும் பள்ளியில் படித்துத் தெரிந்துகொள்ளவேண்டியிருந்த ஓர் ஏழையின்மேல் காட்டுவது என்ன வீரம்? 2024ஆம் வருஷத் தேர்தலின்போது, தமிழ்நாட்டில் பிறந்து ஒடிசாவில் நெடுங்காலம் உத்தியோகம் வகித்துப் பின் அரசியலில் புகுந்த ஒருவரின் பிறப்பிடமே அங்கே பிரசார விஷயமாயிற்று. 'தமிழன் எங்களை ஆளுவதா?' என்று பொருள்படும்படி மேடைகளில் பேசினார்கள். தமிழ்நாட்டில் அது மனக்கொதிப்பை உண்டாக்கிற்று, நமக்கும் வலித்தது. அவருடைய அரசியலை ஒப்புவதும் ஒப்பாததும் வேறு விஷயம். பிறப்பைக் குற்றமாக்கினால் எப்படி வலிக்கும் என்பதை அன்று நாம் அறிந்தோம். அந்த வலி நமக்கு மாத்திரம் உரியதென்று எண்ணினால் அதைவிடப் பேதைமை வேறில்லை. திருப்பூர்ப் பஸ்ஸில் இடம் மறுக்கப்பட்டு நிற்கும் வாலிபனும் அதே வலியைத்தான் அறிகிறான்.

ஒடிசாவின் மக்கள் எத்தகையவர் என்பதற்கு ஒரு சம்பவத்தைக் கூறுவோம். 2023ஆம் வருஷம் ஜூன் மாதம் 2ஆம் தேதி மாலை, சென்னையை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் பாலசோர் ஜில்லாவில் பஹாநகா நிலையத்தண்டை விபத்துக்குள்ளாயிற்று. இருநூற்றுத் தொண்ணூறுக்கு மேற்பட்டவர் மாண்டார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டவர் காயமுற்றார்கள். சர்க்கார் படைகள் வந்துசேருமுன்னே அக்கம்பக்கத்துக் கிராமத்தார் ஓடிவந்து, செல்போன் வெளிச்சத்தில் இரும்பைப் பிளந்து மனிதர்களை வெளியே எடுத்தார்கள். அன்றிரவு பாலசோர் வைத்தியசாலையின் முன் ரத்தம் கொடுக்க வாலிபர்கள் வரிசையாய் நின்றார்கள். யாருடைய உடம்பில் அந்த ரத்தம் ஏறிற்று, அவர் எந்த மொழியினர் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு நாட்டில் குடியிருக்கலாமா என்று யோசிப்பவன் அங்கே வாடகை எவ்வளவு என்று கேட்பது போலவே, 'நான் விழுந்தால் தூக்குவார்களா?' என்றும் கேட்கவேண்டும். அந்தக் கேள்விக்குப் பஹாநகா கிராமத்தார் அன்றே விடை சொல்லிவிட்டார்கள்.

ஆதலால் நமது வாலிபர்களுக்குச் சொல்லுகிறோம்: ஒடிசாவில் வேலை கிடைத்தால் தயங்காமல் போங்கள். சென்னையில் சம்பளத்தில் பாதியை வீட்டுக்காரருக்கும் மீதியில் பாதியை வழிப்பயணத்துக்கும் கொடுத்துவிட்டு, வாழ்வதற்கு நேரமில்லாமல் வாழ்வதை நாகரிகமென்று எண்ணாதேயுங்கள். ஆனால் மலிவுச் சந்தைக்குப் போகும் வியாபாரிபோல் போகாதீர்கள். எந்த விலையையும் கொடுத்து வீட்டைப் பிடித்து, உள்ளூரானுக்கு வாடகை எட்டாதபடி செய்துவிட்டு, நான்கு தமிழ்க் குடும்பங்களோடு மாத்திரம் பழகி, கடைசியில் 'அந்த ஊரில் ஒன்றுமில்லை' என்று திரும்பி வருவோர் அந்நாட்டுக்கும் நமது நாட்டுக்கும் இழுக்கே தேடுவார்கள். போன இடத்தின் மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். பக்கீர் மோகன் சேனாபதி என்ற பெயரை அறியாமல் பத்து வருஷம் அங்கே இருப்பவன், பாரதியாரை அறியாமல் பத்து வருஷம் இங்கே இருப்பவனுக்குச் சமானம். வேலைக்காரருக்குக் கூலி கொடுக்கும்போது ஊர் வழக்கத்தைப் பார்க்காமல் உங்கள் மனச்சாட்சியைப் பாருங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பையன் நியூயார்க் போனால் தெருவெல்லாம் சர்க்கரை வழங்குகிறீர்கள். புவனேசுவரம் போனால் துக்கம் விசாரிக்க வைக்கிறீர்கள். முன்னது விமானத்தில் ஏறக்குறைய ஒரு நாள் தூரம். பின்னது ரெயிலில் இருபது மணி நேரம். முன்னதில் அவன் என்றும் அந்நியன். பின்னதில் அவன் ஒரே பிரஜா உரிமை கொண்ட சகோதரன். எதற்கு மகிழ்வது, எதற்கு வருந்துவது என்பதிலும் நாம் இன்னும் அடிமை மனப்பான்மையை விடவில்லை.

தேசத் தொண்டர்களுக்கோ வேறொரு வேலை இருக்கிறது. உங்கள் ஊர்த் தொழிற்சாலையிலும் சூளையிலும் கட்டிடத்திலும் உழைக்கும் ஒடிசாத் தொழிலாளிக்குச் சட்டப்படி உள்ள கூலி கிடைக்கிறதா, அவன் தூங்குமிடம் மனிதன் தூங்கத்தக்கதா, அவன் குழந்தை பள்ளிக்குப் போகிறதா என்று போய்ப் பாருங்கள். கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றுவதற்கு முன் ஒரு சூளைக்குள் நடந்து பாருங்கள். அவனுக்குக் குறைந்த கூலி கொடுப்பதால் உள்ளூர்த் தொழிலாளியின் கூலியும் சரிகிறது என்பதை அறிவுறுத்துங்கள். இருவருக்கும் ஒரே கூலி என்று வாங்கிக்கொடுத்தால், 'எங்கள் பிழைப்பைப் பறிக்க வந்தான்' என்ற கூக்குரல் தானே அடங்கும்.

நம் பையனின் தாயார் சென்ற மாதம் புவனேசுவரம் போய்வந்தார். மகன் நன்றாயிருப்பதைக் கண்டு திருப்தியடைந்தார். 'பக்கத்து வீட்டு அம்மாள் எனக்குப் பாஷை தெரியாதென்று பார்க்கவில்லை; தினம் காய் நறுக்கும்போது என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டாள்' என்றார். அந்த அம்மாளின் மூத்த மகன் எங்கே வேலை செய்கிறான் என்று தெரியுமா என்று கேட்டோம். திருப்பூரிலாம். இந்த அம்மாளின் மகனை அந்த அம்மாள் பார்த்துக்கொள்ளுகிறாள். அந்த அம்மாளின் மகனை நாம் எப்படிப் பார்த்துக்கொள்ளுகிறோம்?